கறாஜுக்கு வாங்கின போர்வை

தம்பி,

போனை எடுக்காத பிள்ளைக்குக் கடிதம் எழுதுறதைத் தவிர அம்மாவுக்கு வேற வழியில்லை. வாட்ஸ்அப்பில குரலைப் பதிஞ்சு அனுப்பினால் நீ அதை வேகமா ஓடவிட்டுத்தான் கேக்கிறனீ, எனக்குத் தெரியும், என்ர மருமகள் மயூரியே சொன்னவள். அவளைப் பேசாதை, பாவம், சிரிச்சுக்கொண்டுதான் சொன்னவள். கடிதத்தை அப்பிடி ஓடவிடேலாது. சனிக்கிழமை சனிக்கிழமையா உன்னை இழுத்துக்கொண்டு போய்த் தமிழ்ப்பள்ளியில விட்டதுக்கு இண்டைக்காவது ஒரு பலன் கிடைக்கட்டும். எழுத்துக்கூட்டி ஆறுதலா வாசி. சொல்லவேண்டியதை முதலே சொல்லிப்போடுறன், கடைசிப் பக்கத்தில போய்த் தேடத் தேவையில்லை. கார் விடுற கறாஜின்ர சீலிங்கில லைட்டுக்கெண்டு நீ வெட்டின ஓட்டையள் ஒழுங்கா அடைபடும் வரைக்கும் அப்பா அதுக்கு மேல இருக்கிற அறையில படுக்கமாட்டார். வாற சனிக்கிழமை நாங்கள் எங்கட வீட்டை விட்டிட்டு உன்னட்டை வாறதெண்டு எல்லாம் ஒழுங்கு பண்ணியாச்சு. வாறம். ஆனா அந்த அறைக்கில்லை. ஹோலில மெத்தையைப் போட்டுக்கொண்டு ரெண்டு பேரும் கிடக்கிறம்.

இதை லுசேர்ணில, நான் வேலை செய்யிற ஹோட்டலில, துணி அடுக்கிற அறைக்குள்ள தலையணைக் கட்டொண்டுக்கு மேல வைச்சு எழுதுறன். மத்தியான ஓய்வு. மற்ற ஆக்கள் கோப்பி குடிக்கப் போட்டினம். எனக்குக் கோப்பி இறங்காது. ஞாயிற்றுக்கிழமை நீ போனை வைச்சதில இருந்து ஒரே அந்தரமாக் கிடக்கு. ஒரு அறையைத் துப்புரவாக்கிப்போட்டு வெளிய வந்தால் யன்னல் பூட்டினனானோ எண்டு திரும்பிப் போறன். போய்ப் பார்த்தால் பூட்டித்தான் இருக்குது. அடுத்த அறைக்குப் போனால் குளியலறை லைட்டை நிப்பாட்டினனானோ எண்டு வருது. இண்டைக்கு ஒரு வெள்ளைக்கார மனிசி ரெண்டாந்தரம் நான் கதவைத் தட்ட, "எல்லாம் சரிதானே?" எண்டு என்னைப் பார்த்துக் கேட்டுது.

நாங்கள் என்ன சண்டை பிடிச்சனாங்கள் எண்டு திருப்பிப் பார். "அம்மா, அது எல்.ஈ.டி லைட், சுடாது" எண்டாய். லைட் சுடுறதைப் பற்றி ஆர் கதைச்சது? கீழ இருந்து நெருப்பு கிளம்பினால் அந்த ஓட்டையளுக்குள்ளால மேல போயிடுமெல்லோ எண்டு நான் கேட்டனான். "தோட்டக் கதவு அப்பான்ர கட்டிலுக்குப் பக்கத்திலதானே இருக்கு" எண்டாய். கதவுக்குக் கால் இருக்கோ, தம்பி? அது வந்து அப்பாவைத் தூக்கிக்கொண்டு தோட்டத்துக்குப் போகுமோ? அதைக் கேட்டதும் உனக்கு வந்திட்டுது கோபம். "நான் அப்பாவுக்கெண்டு எதைச் செய்தாலும் நீங்கள் நொட்டை சொல்லுறியள்" எண்டுபோட்டு டக்கெண்டு வைச்சிட்டாய். ஓட்டை வெட்டினது நீ, நொட்டை சொன்னது நான். நல்லாயிருக்கு ஞாயம்! சரி, கோபத்தில எழுதிப்போட்டன், அந்த வரியை வெட்டேல்லை, கிடக்கட்டும். ஆனா உண்மையைச் சொன்னால் கோபிக்கவேண்டிய ஆள் நீதான், அதுவும் என்னில. அந்த ஓட்டையள் வந்ததே என்ர காதால. அதைச் சொல்லத்தான் அண்டைக்குப் போன் எடுத்தனான். சொல்ல முதல் சண்டை முந்திக்கொண்டுது.

ஓய்வு முடிஞ்சுது. மிச்சத்தைப் பஸ்ஸில எழுதுறன். கை ஆடினால் எழுத்தும் ஆடும், பொறுத்துக்கொள்.

அப்பாவுக்குப் பாரிசவாதம் வந்து விழுந்த பிறகு வலது கையும் போய், வலது காலும் போய், கதையும் போட்டுது. மிஞ்சினது "ஓம்", "தேத்தண்ணி", "சனியன்". வேற ஒரு சொல்லும் வராத மனிசனுக்குச் "சனியன்" மட்டும் என்ன வடிவா வருது எண்டு ஆஸ்பத்திரியில நீயும் நானும் விழுந்து விழுந்து சிரிச்சம். பிறகு நீ முகத்தைத் திருப்பிக்கொண்டு நிண்டாய். நானும் பார்க்காத மாதிரி நிண்டன். இந்த நாட்டுக்கு வந்த நாளில இருந்து ஹோட்டல் குசினிக்குள்ள நிண்ட மனிசன் அவர். வெள்ளைக்காரனுக்கு அவன்ர சாப்பாட்டைச் சமைச்சுக் குடுத்துப்போட்டு, வீட்டை வந்து தாச்சியை அடுப்பில வைச்சு மீன் பொரிச்சால்தான் அவருக்கு அண்டைய நாள் முடியும். அந்த மணம் மேல வருகுதெண்டு மேல்வீட்டு மனிசி யன்னலைப் படாரெண்டு அடிக்கும். அப்பா உடனே இன்னும் ஒரு துண்டு மீனைப் போடுவார். அப்பிடிப்பட்ட ஆள் லிஃப்ட் இல்லாத மூண்டாம் மாடியில, ஏறவும் ஏலாமல் இறங்கவும் ஏலாமல் ஏரியைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறதை உன்னால தாங்கேலாமல் போச்சுது. அதுதான் நீ அந்த வீட்டைத் தேடினாய். நான் மறக்கேல்லை.

மலைச்சரிவில வீடு. தெருப்பக்கம் பார்த்தால் கறாஜ், பின்னால தோட்டப்பக்கம் பார்த்தால் அதுக்கு மேல இருக்கிற அறை நிலத்தோட மட்டம். அது அப்பான்ர அறை எண்டாய். கறாஜுக்குப் படி இல்லை, சில்லுக் கதிரை தெருவில இருந்து நேர உள்ள போகும். "அப்பா இதுக்குள்ள சமைக்கலாம் அம்மா, பெரிய கதவைத் திறந்துவிட்டால் மணம் வெளிய போயிடும்" எண்டு நீ சொன்ன நேரம் உன்ர முகத்தைப் பார்த்தன். எனக்கும் சந்தோசம்தான், ஏன் பொய் சொல்லுவான். சுவிஸ்காரன் கறாஜைக் கண்டால் கார் விடுவான், எங்கட சனம் குசினி போடும். நீயோ ரெண்டையும் செய்தாய். ஒரு பக்கம் கார் நிண்டு சார்ஜ் ஏறும், மற்றப் பக்கம் காஸ் அடுப்பு. அப்ப எனக்கு அது பிழையாப் படேல்லை.

இப்ப நான் சொல்லவேண்டிய இடம் வந்திட்டுது. வீட்டுத் திறப்பை உன்ர கையில தந்த நாள் ஞாபகம் இருக்கோ? நீயும் மயூரியும் மேல யன்னல் பூட்டுகளைப் பார்த்துக்கொண்டு நிண்டியள். நான் கறாஜில. அந்தப் பழைய வீட்டுக்கார மனிசன் தன்ர காரின்ர குளிர்காலச் சில்லுகளை ஒவ்வொண்டா உருட்டித் தூக்கி வெளிய வைச்சுக்கொண்டு நிண்டது. நல்ல மனிசன். என்னோட கதைக்க ஆசைப்பட்டுது. ஒரு சில்லை நெஞ்சோட அணைச்சுப் பிடிச்சுக்கொண்டு, சுவிஸ் ஜேர்மனில கடகடவெண்டு ஏதோ சொன்னது. எனக்குப் பிடிபட்டது இவ்வளவுதான். நெருப்புக்கெண்டு "டெக்க" ஒண்டு இருக்குது, அது முழுசா இருக்கவேணும், ஒரு ஓட்டையும் வரக்கூடாது, மேல படுக்கிற ஆக்களுக்காக. ரெண்டு கையிலயும் சில்லு. ஒரு விரலாவது சும்மா இருந்திருந்தால் மேல காட்டியிருக்கும், நானும் மேல பார்த்திருப்பன்.

இத்தனை வருசமா ஹோட்டலில எனக்கு டெக்க எண்டால் ஒண்டே ஒண்டுதான், தம்பி. போர்வை. உதறு, விரி, மடி, வெளிச்சத்தில பிடிச்சுப் பார், ஓட்டை இருந்தால் கழிச்சுப் போடு. "டெக்கயில ஓட்டை வரக்கூடாது" எண்டு எங்கட மேற்பார்வைக்காரி எனக்குச் சொல்லாத நாளில்லை. அதே சொல்லை அந்த மனிசனும் சொன்னால் நான் வேற என்னத்தை நினைப்பன்? நெருப்பெண்டும் சொல்லுது, டெக்க எண்டும் சொல்லுது, படுக்கிற ஆக்கள் எண்டும் சொல்லுது. எல்லாம் அச்சொட்டாப் பொருந்தி வந்தது. "யா யா, கிளார்", ஓம் ஓம் விளங்குது எண்டு தலையை ஆட்டிப்போட்டு உன்னட்டை வந்து, "தம்பி, நெருப்புப் போர்வை ஒண்டு கட்டாயம் கறாஜில வைக்கட்டாம், ஓட்டை இல்லாததாப் பார்த்து வாங்கட்டாம்" எண்டன். நீ சிரிச்சாய். "ஓட்டையோட ஆர் அம்மா விக்கிறது?" எண்டாய். ஆனாலும் வாங்கினாய். சிவப்புப் பெட்டிக்குள்ள இருந்த அந்தப் போர்வையைச் சுவரில பூட்டினாய். நான் தொட்டுப் பார்த்து, நல்ல தடிப்பு எண்டும் சொன்னனான். பிறகு ஏணியைக் கொண்டுவந்து, அந்தச் சிவப்புப் பெட்டிக்கு நேர மேல, முதல் ஓட்டையை வெட்டினாய்.

ஏணியைப் பிடிச்சது நான். சீலிங் பலகையின்ர ஜிப்ஸ் தூள் மா மாதிரி என்ர தலையில கொட்டினது. ரெண்டு பலகை தட்டுத் தட்டா இருக்குதெண்டு நீ மேல நிண்டு புறுபுறுத்தாய். "என்னத்துக்கு இவங்கள் ரெண்டு பலகை அடிச்சிருக்கிறாங்கள், தேவையில்லாத வேலை" எண்டாய். மண்ணிற உல்லன் மாதிரிப் பஞ்சு உள்ளுக்கிருந்து தொங்கினது. அதை விரலால தள்ளிப்போட்டு லைட்டை ஓட்டைக்குள்ள அமத்தினாய். சீலிங்கோட சமனா, எவ்வளவு வடிவா இருந்தது! வட்டம் வட்டமா வெட்டுப்பட்டு விழுந்த ஜிப்ஸ் துண்டுகளை நான் பொறுக்கினன், சுடுசட்டி வைக்க நல்லம் எண்டு. எங்களைப் பற்றித் தெரியுந்தானே, ஒண்டையும் எறியமாட்டம். நெருப்பைத் தடுக்கவெண்டு வைச்சதையே வெட்டுவிச்சு, அதைப் பொறுக்கிக்கொண்டு போய்த் தேத்தண்ணிக் கோப்பைக்குக் கீழ வைச்ச ஆள் உலகத்திலயே நான் ஒருத்தியாத்தான் இருப்பன்.

பிறகு நீ அப்பாவை மூண்டாம் மாடியால தூக்கி இறக்கிக் கூட்டிக்கொண்டு வந்து கறாஜ் நடுவில விட்டிட்டு லைட்டைப் போட்டாய். அப்பா கன நேரம் மேல பார்த்தார். இடது கையில நீ அகப்பையைக் குடுத்தாய். தாச்சியைப் பார்த்தார், மாவைப் பார்த்தார், உப்புப் போத்தலைப் பார்த்தார். "இப்ப உப்புத் தெரியுது" எண்டார். முழுசா ஒரு வசனம். விழுந்ததுக்குப் பிறகு முதல் வசனம். ஹோட்டல் குசினியில வெளிச்சம் காணாதெண்டு காலமெல்லாம் குறை சொன்ன மனிசன், போடுற உப்புத் தெரியேல்லை எண்டு நெடுக முதலாளியோட கொளுவினவர். நீ ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடிச்சாய். மயூரி அழுதிட்டாள். அப்பா வடை சுட்டார். பாதி கருகினது, மற்றப் பாதியில உப்புக் கூட. எல்லாத்தையும் சாப்பிட்டம். அந்த வெளிச்சத்தைத்தான் இப்ப நான் கழட்டச் சொல்லுறன். எனக்கு மட்டும் வாய் வருமெண்டு நினைக்கிறியோ?

போன வெள்ளிக்கிழமைதான் எனக்கு விளங்கினது. ஹோட்டலில நடைபாதைச் சீலிங்கைக் கழட்டி வேலை செய்யினம். நான் தள்ளுவண்டிலோட வர, ஏணியில நிண்ட நரைச்ச மீசைக்காரர், மின்சார வேலைக்காரர், "இதால போகாதேங்கோ, டெக்க திறந்திருக்கு" எண்டார். நான் என்ர வண்டிலைப் பார்த்தன். போர்வையெல்லாம் மடிச்சு அடுக்கி வடிவா இருக்குது. எனக்குச் சுள்ளெண்டது. "என்ர டெக்க ஒண்டும் திறந்திருக்கேல்லை, எல்லாம் மடிச்சுத்தான் இருக்கு" எண்டன். மனிசன் ஏணியில நிண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரிச்சது. சிரிச்சுப்போட்டு விரலை மேல நீட்டினது. நானும் மேல பார்த்தன். சீலிங். சீலிங்குக்கும் இவங்கள் அதே சொல்லைத்தான் வைச்சிருக்கிறாங்கள், தம்பி! உனக்கு இது சின்னனில இருந்து தெரியும். எனக்கு ஆர் சொன்னது? வண்டிலை விட்டிட்டுச் சுவரைப் பிடிச்சுக்கொண்டு நிண்டன்.

அவர் இறங்கி வந்து தண்ணி தந்தார். நான் எனக்குத் தெரிஞ்ச ஜேர்மனில எல்லாத்தையும் சொன்னன். கறாஜ், ஓட்டை, லைட், மேல அறை. அவர் சிரிக்கிறதை நிப்பாட்டிப்போட்டு, "மேல ஆர் படுக்கிறது?" எண்டு கேட்டார். சொன்னன். "தானா எழும்புவாரோ?" எண்டார். இல்லை எண்டன். தலையைச் சொறிஞ்சார். அவர் விளங்கப்படுத்தினதை நான் விளங்கின மாதிரிச் சொல்லுறன். கறாஜ் எண்டால் கார், பெற்றோல், பெயின்ற், பற்றரி எல்லாம் கிடக்கிற இடம். நெருப்பு அங்கதான் தொடங்கப் பார்க்கும். தொடங்கினால், படுக்கிற அறைக்கு உடன ஏறாமல் அரை மணித்தியாலமெண்டாலும் கீழ அமத்தி வைச்சிருக்கத்தான் அந்த ரெண்டு தட்டுப் பலகையும் பஞ்சும். நீ தேவையில்லாத வேலை எண்ட அந்த ரெண்டாம் பலகை. ஒரு ஓட்டை போட்டால் நெருப்புக்கும் புகைக்கும் ஒரு கதவு திறந்துவிட்ட மாதிரி. வெட்டின துண்டைத் திருப்பி வைச்சுப் பூசினால் காணாதோ எண்டு கேட்டன். காணாதாம். அந்த இடங்களை மரச்சட்டம் வரைக்கும் பெரிசா வெட்டி, அதே மாதிரிப் பலகை ரெண்டு தட்டு அடிச்சு, இடுக்குகளுக்கு நெருப்புத் தாங்கிற பசை பூசவேணுமாம். வயர் வேலையையும் அனுமதி இருக்கிற ஒருத்தர் வந்து பார்த்துச் சரி சொல்லவேணுமாம். நீ வீடியோ பார்த்து இழுத்த வயர், தம்பி. நான் அதை அவருக்குச் சொல்லேல்லை.

பஸ்ஸால இறங்கிட்டன். இப்ப வீட்டில, சாப்பாட்டு மேசையில இருக்கிறன். அப்பா கதிரையில கண்ணயர்ந்திட்டார். மேசையில அவற்ர கோப்பை, கோப்பைக்குக் கீழ அந்த வட்டத் துண்டு. நான் ரெண்டுதரம் எழும்பிப் போய் அடுப்பு நிப்பாட்டியிருக்கோ எண்டு பார்த்திட்டு வந்திட்டன்.

எனக்கு இந்த "யா யா" எங்க இருந்து வந்தது தெரியுமோ? இந்த நாட்டுக்கு வந்து அகதி விசாரணைக்குப் போய் இருந்த முதல் நாளில இருந்து. ஒரு பக்கம் அதிகாரி, ஒரு பக்கம் மொழிபெயர்க்கிறவர். திருப்பிக் கேட்டால் பொய் சொல்லுறன் எண்டு நினைப்பாங்களோ, நேரம் கடத்துறன் எண்டு நினைப்பாங்களோ எண்டு பயம். விளங்கினாலும் ஓம், விளங்காட்டிலும் ஓம். அந்தப் பயம் போட்டுது, தலையாட்டல் மட்டும் ஒட்டிக்கொண்டுது. டொக்டருக்கு யா யா, பள்ளிக்கூடத்துக்கு யா யா, பஸ்ஸில பக்கத்தில இருக்கிற கிழவிக்கும் யா யா. நீ ஏழு வயசிலயே என்ர வாயும் காதுமாப் போனாய். உன்ர ரீச்சர் "இவன் வகுப்பில வாய் மூடுறானில்லை" எண்டு சொல்ல, நீ என்னட்டை "நான் நல்லாக் கதைக்கிறனாம் அம்மா" எண்டு மொழிபெயர்த்த ஆளெல்லோ! நான் ரீச்சருக்கு நன்றி சொல்லி, பலகாரமும் செய்து அனுப்பினனான். அது தெரியவந்த நேரம் அப்பா சிரிச்ச சிரிப்பு இப்பவும் காதுக்குள்ள கேக்குது.

ஆனா அப்பா விழுந்த அண்டைக்கு ஆஸ்பத்திரியில டொக்டர் வந்து நிண்டு விளங்கப்படுத்த, நான் யா யா எண்டு ஆட்டிக்கொண்டு நிக்க, நீ என்ர கையைப் பிடிச்சு அமத்தினாய். "அம்மா, உங்களுக்கு விளங்கேல்லை. விளங்காட்டி ஓம் எண்டு சொல்லாதேங்கோ. இது அப்பான்ர உயிர்" எண்டாய். அப்ப எனக்கு வெக்கமாவும் இருந்தது, கோபமாவும் இருந்தது. எனக்குச் சொல்லித்தர வந்திட்டார் துரை எண்டு மனதுக்குள்ள நினைச்சன். ஆனா நீ சொன்னது சரி. அதைக் கேட்டு நடந்திருந்தால் கறாஜில அந்த மனிசனை மறிச்சு, "மன்னிக்கவேணும், என்ன டெக்க? காட்டுங்கோ" எண்டு கேட்டிருப்பன். ஒரு நிமிசக் கதை. கேக்காமல் விட்டன். அதுக்காகத்தான் உன்னட்டை இப்ப மன்னிப்புக் கேக்கிறன். மற்றபடி, சீலிங்கை வெட்ட முதல் ஒருத்தரையும் கேக்காத துரை நீயும் என்னட்டை ஒரு மன்னிப்புக் கேக்கலாம், நான் மாட்டன் எண்டு சொல்லமாட்டன்.

இனிக் கேள், நல்ல செய்தியும் இருக்கு. இந்தப் பிழையைத் திருத்தலாம். மீசைக்காரர் தன்ர மரத்துண்டொண்டில கீறிக் காட்டினவர். மேல இருக்கிறதை முழுசா அடைச்சுப்போட்டு, அதுக்குக் கீழ ஒரு சட்டம் தொங்கவிட்டு இன்னொரு சீலிங் போடலாமாம். இந்த லைட்டுகளை அந்தக் கீழ்ச் சீலிங்குக்குள்ள அமத்தலாம், மேல் சீலிங்கில கை வைக்கத் தேவையில்லை. டெக்கக்குக் கீழ ஒரு டெக்க. நான் உடன, "குளிர்காலத்தில நாங்கள் கட்டிலுக்கு ரெண்டு போடுற மாதிரி" எண்டன். "அதேதான்" எண்டு அவரும் சிரிச்சார். அப்பான்ர வெளிச்சம் அப்பாவுக்குத்தான். ஆனா காரை வெளிய விடு. மழையில நனைஞ்சால் உன்ர கார் கரையாது. காஸ் சிலிண்டரையும் வெளிய எடு, கரண்ட் அடுப்பு போதும். எரியிற அடுப்பும் சார்ஜ் ஏறுற காரும் ஒரே அறைக்குள்ள வேண்டாம் எண்டு அவர் கையெடுத்துக் கும்பிடாத குறையாச் சொன்னவர். வந்து பார்க்கவும் சம்மதம் எண்டவர். நீ கோபத்தை விட்டிட்டு அவரை வரச்சொல்லவேணும், அவ்வளவுதான்.

அப்பாவுக்குச் சொல்லுறதோ விடுறதோ எண்டு இவ்வளவு நாளும் அலைக்கழிஞ்சு போனன். சனிக்கிழமை போறம் எண்டு அகப்பையைத் துவாயில சுத்திப் பையில வைச்சிருக்கிறார், ஒரு நாளைக்குப் பத்துத்தரம் பையைத் திறந்து பார்க்கிறார். அந்த மனிசனிட்டை லைட்டைக் கழட்டப்போறம் எண்டு எப்பிடிச் சொல்லுறது? ஆனா இதை எழுதிக்கொண்டிருக்க முழிச்சிட்டார். கடிதத்தைக் கண்டார், "தம்பி?" எண்டு கேட்டார். சரி, வாறது வரட்டும் எண்டு எழும்பிப் போய் ரெண்டு போர்வையை எடுத்துவந்தன். ஒண்டை விரிச்சுப் பிடிச்சு இது சீலிங் எண்டன், கறாஜ் கீழ, நீங்கள் மேல எண்டன். நடுவில விரலை விட்டுக் காட்டி, தம்பி இதில ஓட்டை வெட்டிட்டான், நெருப்பு வந்தால் இதுக்குள்ளால உங்களிட்டை வரும் எண்டன். மற்றப் போர்வையை அதுக்குக் கீழ பிடிச்சு, இனி லைட் இதுக்குள்ள, மேல இருக்கிறதை அடைச்சால் அரை மணித்தியாலம் நெருப்பை மறிக்குமாம் எண்டன். அவர் கோப்பையைத் தூக்கி ஒரு பக்கம் வைச்சிட்டு, அதுக்குக் கீழ கிடந்த வட்டத் துண்டைக் கையில எடுத்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

நான் நினைச்சன், "சனியன்" வரப்போகுதெண்டு. வரேல்லை. வாய் கோணி, கண் எல்லாம் தண்ணியா, சொல்லைத் தேடித் தேடி எடுத்தார். நான் ஒண்டும் எடுத்துக் குடுக்கேல்லை, அவர் முடிக்கட்டும் எண்டு விட்டன். "நெருப்பெண்டால்… தம்பி… உள்ள வருவான்" எண்டார். பிறகு, "என்னைத் தூக்க" எண்டார். பிறகு அந்தத் துண்டை என்ர கையில வைச்சு, என்ர விரல்களை மடிச்சுப் பொத்தி, "அடைக்கச் சொல்லு" எண்டார்.

பார்த்தியோ, ராசா. நான் இவ்வளவு பக்கமும் அப்பாவைப் பற்றித்தான் பயந்து எழுதிக்கொண்டு வந்தன். அந்த அரை மணித்தியாலம் தனக்கெண்டு அவர் நினைக்கவே இல்லை. நீ அவரைத் தூக்கிக்கொண்டு வெளிய வந்து சேருறதுக்குத்தான் அது தேவை எண்டு அவருக்கு விளங்கிட்டுது. நீ வராமல் நிக்கமாட்டாய். அது எனக்கும் தெரியும், மயூரிக்கும் தெரியும்.

வட்டத் துண்டைப் பையில வைச்சிருக்கிறன், அது பொருந்தாதெண்டு சொல்லியும் அவர் கேக்கிறாரில்லை. சனிக்கிழமை வாறம். மீசைக்காரர் என்ன சொன்னாலும் விளங்கும் வரைக்கும் நானே நிண்டு திருப்பித் திருப்பிக் கேக்கிறன், ஏணியையும் இந்த முறையும் நானே பிடிக்கிறன். இதை வாசிச்சு முடிய ஒரு சொல்லு அனுப்பு. விளங்கினால் மட்டும் ஓம் எண்டு அனுப்பு.

அம்மா